குச்சிக்கிழங்கை எந்த நோட்டில் எழுதுவது? பாடங்களைச் சேர்த்து நடத்த நான்கு வழிகள்

ஜனவரி மாதம், மூன்றாம் பருவம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், நாளிதழில் கொட்டிக் காயவைத்த குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் மேசைக்கு வந்தான். தராசில் வைத்து எடை பார்த்தோம். அப்புறம் அவன் கேட்டான்: "டீச்சர், இதை அறிவியல் நோட்டுல எழுதறதா, கணக்கு நோட்டுல எழுதறதா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் கேட்டதில் தப்பே இல்லை. ஆறாம் வகுப்பில் காலடி வைத்த நாளிலிருந்து அவனுக்கு நாம் சொல்லிக்கொடுத்திருப்பது அதுதானே. மணி அடித்தால் ஒரு நோட்டு உள்ளே போகும், இன்னொரு நோட்டு வெளியே வரும். கணக்கு வகுப்பில் சதவீதத்தை மளமளவென்று போடும் பிள்ளை, என் வகுப்பில் காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம் என்று சொன்னால் அதை வெறும் எண்ணாக மனப்பாடம் செய்கிறது. நூறு குடம் காற்றில் எத்தனை குடம் என்று கேட்டால் விழிக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம், கலந்தாய்வில் வாழப்பாடிப் பக்கம் மாறுதலாகிப் போன ஒரு தோழி. என்னைவிடப் பத்து வயது சின்னவள், அவளும் அறிவியல்தான். போன மாதம் போனில் கேட்டாள்: "அக்கா, புதுப் பள்ளியில பாடங்களைச் சேர்த்து நடத்தணும்னு ஆசையா இருக்கு. நான் மட்டும் செய்யறதா, இன்னொருத்தரோட சேர்றதா, பள்ளிக்கூடம் முழுக்க ஒரே தலைப்பு வெக்கச் சொல்றதா, இல்ல வெளியில இருந்து ஆளைக் கூட்டிட்டு வர்றதா?" இந்த நான்கையும் ஏதாவது ஓர் அளவில் செய்து பார்த்தவள் என்ற முறையில் அவளுக்குச் சொன்னதை விரிவாகவே எழுதுகிறேன். சேலம் மலையடிவாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி, ஐந்து பாடத்துக்கும் ஆள் இருக்கிறார்கள், வகுப்புக்கு முப்பது நாற்பது பிள்ளைகள் என்பது என் நிலைமை. உங்கள் நிலைமை வேறாக இருந்தால் முடிவும் மாறலாம். அதையும் அங்கங்கே சொல்கிறேன்.

தனியாகச் செய்வது

யாரிடமும் அனுமதி வேண்டாம், கால அட்டவணையைத் தொட வேண்டாம். நம் வகுப்புக்குள்ளேயே மற்றப் பாடங்களை இழுத்து வரலாம். பெரும்பாலானவர்கள் ஆரம்பிப்பது இப்படித்தான். நானும் நாலைந்து வருடம் இப்படித்தான் செய்தேன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மெதுவாகத்தான் அது தெரியவரும். கரைசலின் செறிவு நடத்தும்போது நானே சதவீதம் சொல்லிக்கொடுத்தேன், எனக்குத் தெரிந்த குறுக்குப் பெருக்கல் முறையில். அதே மாதத்தில் கணக்கு சார் ஓரலகு முறையில், அதாவது முதலில் ஒன்றுக்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் முறையில், நடத்திக்கொண்டிருந்தார். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டன. தட்டுத் தடுமாறிப் படிக்கிற பிள்ளைகளுக்கு இருந்த கொஞ்சம் தெளிவும் போயிற்று. ஒரு பெண் பிள்ளை பரீட்சைத் தாளில் பாதி அவர் முறை, பாதி என் முறை என்று எழுதி, இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றது. அந்தத் தாளைச் சார் என்னிடம் காட்டினார். கோபப்படவில்லை. "என்னம்மா டீச்சர், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் அப்படியே ஆரம்பிச்சிருப்பேனே" என்றார். அன்றைக்குப் பட்டது: தனியாகச் செய்தால் இன்னொரு பாடத்தை எடுத்துக்கொள்கிறோம், அந்தப் பாடத்தின் ஆசிரியரை விட்டுவிடுகிறோம்.

ஆனால் இந்த வழியை வேண்டாம் என்று ஒதுக்கிவிட முடியாத இடம் ஒன்று உண்டு. ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருக்கும் ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகள். அங்கே ஒருவரே தமிழும் கணக்கும் சூழ்நிலையியலும் நடத்துகிறார். சுவரே இல்லாத இடத்தில் எதை இடிப்பது? அப்படி ஒரு பள்ளியில் ஒரு முற்பகல் உட்கார்ந்திருந்தேன். காப்பிப் பழம் பறிக்கும் காலம். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கை பழம் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பழத்துக்கு இரண்டு கொட்டை, பத்துப் பழத்துக்கு இருபது என்று இரண்டாம் வாய்ப்பாடு போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புப் பாப்பா ஒன்று எழுந்து, "இதுல ஒண்ணுதானுங்க இருக்கு" என்று உருண்டையான ஒற்றைக் கொட்டையை நீட்டியது. வாய்ப்பாடு உடைந்தது. தோட்டக்காரர்கள் பீபெர்ரி என்று தனியாகப் பொறுக்கி எடுப்பது அதைத்தான். அந்த ஆசிரியை வாய்ப்பாட்டை அப்படியே நிறுத்திவிட்டு, "ஏன் ஒண்ணு மட்டும்?" என்று பழத்தைப் பிளக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு விதையில் ஒன்று வளராமல் போனால், மற்றது இடம் கிடைத்து உருண்டுவிடும் என்று பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். யாரிடமும் பாடவேளை கேட்க வேண்டியிருக்கவில்லை. தொடக்கப் பள்ளியில் இருப்பவர்கள் நான் கீழே எழுதுவதைப் படித்து ஏங்க வேண்டாம். உங்கள் கையில் இருப்பது எங்களிடம் இல்லை.

பள்ளி முழுக்க ஒரே தலைப்பு

வரிசையில் அடுத்து வர வேண்டியது இருவர் கூட்டு. அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருப்பதால், முழுப் பள்ளி வழியை முதலில் முடித்துக்கொள்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இதைச் செய்தோம். "தண்ணீர்" என்று தலைப்பு, ஒரு மாதம். எல்லோரும் உற்சாகமாகத்தான் இருந்தோம். மாதக் கடைசியில் கண்காட்சி. தமிழுக்குத் தண்ணீர் பற்றிக் கவிதை. ஆங்கிலத்துக்கு வாசகம் எழுதிய அட்டை. சமூக அறிவியலுக்கு நதிகளின் வரைபடம். அறிவியலுக்கு நீர்ச் சுழற்சி, தெர்மகோலில். கணக்குக்கு எதுவும் கிடைக்காமல் குடம், தொட்டிக் கணக்கு நாலு எழுதி ஒட்டினோம். வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். கண்காட்சி முடிந்து சுவரிலிருந்து அட்டைகளைப் பிரிக்கும்போது ஒரு பையனிடம் கேட்டேன்: "நம்ம ஊர்ல மழை எந்த மாசம் அதிகம்?" தெரியவில்லை. ஒரு மாதம் முழுக்கத் தண்ணீர் தண்ணீர் என்று இருந்தோம், அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை.

அதில் எனக்கு இன்னும் வருத்தம் தருவது தமிழ்ப் பாடம். இந்த மாதிரி ஏற்பாடுகளில் தமிழை எப்போதும் அலங்காரத்துக்கே கூப்பிடுகிறோம். மரம் என்றால் மரத்துக்கு ஒரு கவிதை, ஏரி என்றால் ஏரிக்கு ஒரு கவிதை. கேள்வி கேட்கவும், கேட்டதைப் பிசகாமல் எழுதவும், ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கவும் கற்றுக்கொடுக்கிற பாடம் அது. ஓரமாக நிறுத்தி மாலை கட்டச் சொல்கிறோம்.

பாடங்களை ஒரு மையத்தில் கோப்பது நமக்குப் புதிது இல்லை. 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி இதைத்தான் சொன்னது. நூல் நூற்பது போன்ற ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதன் வழியாகக் கணக்கும் மொழியும் வரலாறும் வரட்டும் என்றது. தமிழ்நாட்டிலும் ஆதாரப் பள்ளிகள் நடந்தன. அங்கே நடுவில் இருந்தது வெறும் தலைப்பு இல்லை, வேலை. நூல் அறுந்தால் அறுந்ததுதான். எத்தனை முழம் நூற்றோம் என்பதை எண்ணியே ஆக வேண்டும், அதனால் கணக்கு தானாக வந்தது. "தண்ணீர்" என்ற தலைப்புக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்லாந்தில் பாடங்களையே எடுத்துவிட்டார்கள் என்று பயிற்சிகளில் யாராவது சொல்வார்கள். அது சரியில்லை. 2016-இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய கலைத்திட்டம் கேட்பது, வருடத்துக்கு ஒரு முறையாவது பல பாடங்கள் சேர்ந்த ஒரு தொகுதி நடக்க வேண்டும் என்பதுதான். மற்ற நேரத்தில் கணக்கு கணக்காகவே இருக்கிறது. அதைப் படித்த பிறகு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. வருடம் பூராவும் எல்லாவற்றையும் கலக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

முழுப் பள்ளி வழி எப்போது பொருந்தும்? இருவர் இருவராக இரண்டு வருடமாவது வேலை செய்து பழகிய பிறகு. எங்கள் பள்ளியில் அப்படி ஒரு நாள் வந்தால் திருமணிமுத்தாற்றை எடுக்க ஆசை. சேர்வராயன் மலையில் பிறந்து, நகரத்துக்குள் நுழைந்து, சாயமும் சாக்கடையும் சுமந்து காவிரிக்குப் போகிற ஆறு. மலையடியில் எடுத்த தண்ணீரும் ஊருக்குக் கீழே எடுத்த தண்ணீரும் இரண்டு பாட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஐந்து பாடத்துக்கும் வேலை இருக்கும். ஆனால் முதல் வருடத்திலேயே அதில் கை வைத்தால் மறுபடியும் தெர்மகோல்தான் வரும்.

இருவர் சேர்வது

அந்தக் குச்சிக்கிழங்குக்கு வருகிறேன்.

ஏழாம் வகுப்பு மூன்றாம் பருவக் கணக்கில் சதவீதம் வருகிறது. கலவைகளைப் பிரித்தல், வடிகட்டுதல், தெளியவைத்தல் எல்லாம் பிள்ளைகள் அறிவியலில் படித்தவைதான். கணக்கு சாரும் நானும் டிசம்பரிலேயே உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியை முடிவு செய்தோம்: ஒரு கிலோ குச்சிக்கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது? கேள்வியைத் தேர்ந்தெடுக்க நாங்கள் வைத்துக்கொண்ட சோதனை எளிது. இரண்டு பாடத்தில் ஒன்றை எடுத்துவிட்டால் கேள்வி விழுந்துவிட வேண்டும். விழாமல் நின்றால், அந்தப் பாடம் வெறும் துணைக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

தாதகாப்பட்டி உழவர் சந்தையில் ஐந்து கிலோ வாங்கினோம். ஐந்து குழு, குழுவுக்கு ஒரு கிலோ. தோல் சீவி, தேங்காய்த் துருவியில் துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்தார்கள். பால் மாதிரி வழிந்ததைக் குண்டானில் இரவு முழுக்கத் தெளியவிட்டோம். காலையில் மேல் தண்ணீரை இறுத்துவிட்டுப் பார்த்தால், அடியில் சுண்ணாம்பு பூசினது போல மாவு இறுகிக் கிடந்தது. (பச்சைக் கிழங்கில் சயனைடு விடும் பொருள் உண்டு. வாயில் வைக்கக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், வடித்த தண்ணீரையும் ஆடு மாடு குடிக்காத இடத்தில் ஊற்றுங்கள்.) இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகு எடை.

நாலு குழுவுக்கு 14-இலிருந்து 17 சதவீதம் வரை வந்தது. ஒரு குழு மட்டும் 22 என்றது. அவர்கள் முகத்தில் வெற்றிக் களை. கணக்கு சார் கரும்பலகைப் பக்கம் போகவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே, "எதன் மேல 22?" என்று மட்டும் கேட்டார். அவர்களுக்கு வந்த மாவு 170 கிராம். தோல் சீவிய கிழங்கு 780 கிராம். அவர்கள் 780-ஆல் வகுத்திருக்கிறார்கள். மற்ற எல்லோரும் தோலோடு வாங்கிய 1,000-ஆல் வகுத்திருக்கிறார்கள். இரண்டுமே சரியான கணக்கு, இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். சதவீதம் என்றால் "எதில்" என்று கேட்டாக வேண்டும் என்பதை நான் பத்து வருடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது ஒரு வகுப்புக்குள் இறங்கியதைப் பார்த்தேன்.

அதோடு முடியவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "எங்கப்பா காட்டுக் கிழங்கு இருபத்தஞ்சு பாயிண்ட்டுங்க" என்றான். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் கிழங்குக்கு விலை போடுவது பாயிண்ட் கணக்கில்தான். கிழங்கில் மாவு எவ்வளவு என்பதுதான் பாயிண்ட். பாயிண்ட் குறைந்தால் விலை குறையும். அப்படியானால் நமக்கு ஏன் 17-க்கு மேல் வரவில்லை? சந்தைக் கிழங்கு வேறு, காட்டுக் கிழங்கு வேறு என்று ஒருத்தி சொன்னாள். இருக்கலாம். சார் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குக் கணக்கில் பதில் இல்லை.

பிழிந்து போட்ட திப்பி ஒரு முறத்தில் கிடந்தது. அதில் ஒரு பிடி எடுத்து, இரண்டு சொட்டு அயோடின் விடச் சொன்னேன். கண்ணெதிரே கருநீலமாக மாறியது. நம் கை பிழிந்தது போதவில்லை, மாவு திப்பியிலேயே தங்கியிருக்கிறது. இப்போது மறுபடியும் கணக்கு: திப்பியில் எவ்வளவு தங்கியிருக்கலாம்? அவன் அப்பா சொன்ன 25-ஐ வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 80 கிராம் போல விட்டுவிட்டோம். மாட்டுக்குத் திப்பி ஏன் போடுகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கணக்கு அறிவியலைக் கூப்பிட்டது, அறிவியல் திரும்பக் கணக்கைக் கூப்பிட்டது. தனி ஆளாக நான் செய்திருந்தால் "எதன் மேல 22?" என்ற கேள்வி வந்திருக்காது. 22-ஐத் தப்பு என்று சொல்லி அடித்திருப்பேன்.

அந்தப் பையனின் நோட்டுக் கேள்விக்கும் இருவராகத்தான் பதில் கண்டுபிடித்தோம். குழுவுக்கு ஒரு நீள நோட்டு. இடது பக்கம் கணக்கு, வலது பக்கம் அறிவியல். ஒரே நாள், ஒரே தேதி. சார் இடது பக்கத்தைத் திருத்துவார், நான் வலது பக்கத்தை. பருவம் நடக்கும்போதே வகுப்பில் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு நூற்றில் 40 மதிப்பெண் இருக்கிறது, அதில் செயல்பாட்டுக்கும் இடம் இருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு பாடத்திலும் மதிப்பெண் போட்டுக்கொண்டோம். அதனால் கூடுதல் சுமை என்று பிள்ளைகளும் நினைக்கவில்லை, பெற்றோரும் கேட்கவில்லை.

செலவு இல்லாமல் இல்லை. தலைமையாசிரியரிடம் ஒன்றே ஒன்று கேட்டோம்: வாரத்தில் ஒரு நாள் கணக்கும் அறிவியலும் அடுத்தடுத்த பாடவேளையாக வரட்டும். ஒரு பாடவேளைக்குள் துருவி முடியாது, துடைத்து முடிக்கவும் முடியாது. அப்புறம் வியாழக்கிழமை கடைசி மணிக்குப் பிறகு அரை மணி நேரம் இருவரும் உட்கார வேண்டும். இதைத் தள்ளிப்போட்ட இரண்டு வாரமும் வகுப்பு குளறுபடி ஆயிற்று. சண்டையும் வரும். எடைகளை ஒரு கிராம் பிசகாமல் எடுக்கப் பழக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றார் சார். முதலில் கை நனையட்டும், துல்லியம் வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றும் என்றேன் நான். என்னைவிடப் பதினைந்து வருடம் மூத்தவர், எதிர்த்துப் பேச எனக்குத் தயக்கம். கடைசியில் அவர் விட்டுக்கொடுத்தார். இப்போது யோசித்தால் பாதி அவர் சொன்னதுதான் சரி. 14 சதவீதம் வந்த குழு, ஈரம் காயாமலும் காய்ந்தும் மாற்றி மாற்றி எடை போட்டிருந்தது.

பெரிய ஆபத்து வேறு. கலந்தாய்வில் ஒருவர் மாறிப் போனால் கூட்டு அங்கேயே அறுந்துவிடும். அதற்காகத்தான் நாங்கள் நடத்தியது, சொதப்பியது, வாங்கிய பொருள், ஆன நேரம் எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பள்ளியிலேயே வைத்திருக்கிறோம். பாடக்குறிப்பு மாதிரி இல்லை, பேச்சு மாதிரி எழுதியிருக்கிறோம்.

அதே கிழங்கை வைத்து மற்ற இருவர் கூட்டும் சாத்தியம். தமிழம்மா கேட்டுவிட்டு வந்து சொன்னார்: இங்கே குச்சிக்கிழங்கு, பொதுவாக மரவள்ளி, குமரிப் பக்கம் மரச்சீனி, சில ஊரில் ஏழிலைக் கிழங்கு. ஒரு செடிக்கு ஏன் இத்தனை பெயர், எந்தப் பெயர் எதைப் பார்த்து வைத்தது என்று ஒரு வகுப்பே போகும். சமூக அறிவியலுக்கு இன்னும் பெரிய வாசல். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி இது. இரண்டாம் உலகப் போரில் மலேயாப் பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனதும், 1943 வாக்கில் சேலத்தில் குடிசைத் தொழிலாகத் தயாரிக்கத் தொடங்கினார்கள். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கோ நடந்த போர், நம் பிள்ளைகளின் அப்பாக்கள் காட்டில் என்ன நடுகிறார்கள் என்பதை மாற்றியிருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றையும் அதே மாதத்தில் சேர்த்திருந்தால் எங்களுக்கும் கண்காட்சிதான் மிஞ்சியிருக்கும். ஒரு பருவத்துக்கு ஒரு ஜோடி போதும்.

வெளி ஆளோடு சேர்வது

எங்கள் பிள்ளைகளில் பல வீடுகளில் வெள்ளிக் கொலுசு வேலை நடக்கிறது. ஒரு பிள்ளையின் அம்மா, கண்ணி பற்றவைப்பதில் கைதேர்ந்தவர். அவரைக் கூப்பிட்டு வகுப்பில் பேச வைத்தோம். வெள்ளி உருகுவது 961 டிகிரி செல்சியஸில். பற்றவைக்கும் கலவை அதற்கு முன்பே உருகியாக வேண்டும், இல்லாவிட்டால் கொலுசே உருகிப்போகும். இதை நான் பாடமாகச் சொல்லியிருந்தால் உலோகக் கலவை என்று ஒரு வரி. அந்த அம்மா, நெருப்பு பட்டதும் கண்ணியில் நிறம் எப்படி மாறும், எந்த நிறத்தில் கையை எடுக்க வேண்டும் என்று சொன்னபோது வகுப்பு மூச்சு விடவில்லை. அவர் மகள் அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அவருக்குத் துண்டுக்கூலி. எங்களோடு இருந்த இரண்டு மணி நேரம் அவருக்குக் கூலி இல்லாத நேரம். இதை நாங்கள் முன்கூட்டி யோசிக்கவில்லை. அவரும் சொல்லவில்லை, மகள்தான் அப்புறம் சொன்னாள். அடுத்த முறை ஆசிரியர்கள் நாங்கள் சேர்ந்து அந்த நேரத்துக்கான கூலியைக் கொடுத்தோம். வெளி ஆளைக் கூப்பிடுவது இலவசம் என்று நினைக்காதீர்கள். இன்னொன்று, பிள்ளைகள் கையில் ஊதுகுழலைக் கொடுத்து நாமே ஒரு பட்டறை வைத்துவிடக் கூடாது. பார்க்கட்டும், கேட்கட்டும், கணக்குப் போடட்டும்.

வெளியே போவதும் இந்த வழியில்தான் சேரும். ஏற்காட்டுக்குச் சுற்றுலா எப்படியும் போகிறோம். அதே பேருந்தில் ஒரு வெப்பமானியை எடுத்துப் போங்கள். சேலம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 280 மீட்டர் மேலே, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று வைத்தால், மேலே போய்ச் சேரும்போது எட்டு டிகிரி போல இறங்கியிருக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு ஒரு பிள்ளை ஜன்னல் பக்கம் வெப்பமானியைப் பிடித்து வாசித்தால் அன்று இரவே வரைபடம் தயார். மேலே ஒரு பாத்திரம் தண்ணீர் கொதிக்கவைத்துப் பார்க்கவும் முடியும். 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். மலையில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்று மலைப் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு அதுதான் பதில். இதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. ஆனால் அனுமதிக் கடிதம், பெற்றோர் ஒப்புதல், ஒரு முழு நாள் என்று பார்த்தால் வருடத்துக்கு ஒன்றுக்கு மேல் தாங்காது.

அதனால் வெளி ஆளைத் தனி வழியாக நான் எண்ணுவதில்லை. இருவர் கூட்டு ஒரு கேள்வியில் முட்டிக்கொண்டு நிற்கும்போது, அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவராக அவர் வரட்டும். கேள்வி இல்லாமல் ஆள் வந்தால் அது வரவேற்புரை, நன்றியுரையோடு முடிந்துவிடுகிறது.

அவளுக்குச் சொன்னது

முதல் வருடம் இருவர் கூட்டு. ஒரு வகுப்பு, ஒரு பருவம், ஒரு கேள்வி. பத்தாம் வகுப்பைத் தொடாதே. பொதுத் தேர்வு வருடத்தில் பிள்ளைகளுக்கும் பதற்றம், நமக்கும் பதற்றம், அங்கே எதையும் அமைதியாகத் தெளியவிட முடியாது. ஆறு, ஏழு, எட்டில் செய். இருவர் கூட்டுக்கு உனக்குப் பிடித்தவரைத் தேடாதே, உன் பாடத்தில் உனக்கு வராத ஒன்றைக் கையில் வைத்திருப்பவரைத் தேடு. கணக்கு சாரும் நானும் மதிய உணவில் அதுவரை பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை.

அவள் இரண்டு நாள் கழித்துத் திரும்ப அழைத்தாள். அந்தப் பள்ளியில் கணக்குக்கு ஆளே இல்லை, பணியிடம் காலி. எனக்குச் சங்கடமாகிவிட்டது, நான் சொன்னதெல்லாம் கணக்கை வைத்துத்தானே. ஆனால் அவள் அதற்குள் சமூக அறிவியல் சாரிடம் பேசியிருந்தாள். வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பு நிறைய. கல்யாண வீட்டில் பாக்கு மட்டைத் தட்டும் வருகிறது, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் வருகிறது. எது எத்தனை நாளில் மட்கும் என்பது அவள் பக்கம். மட்கிற தட்டு ஏன் விலை கூடுதலாக இருக்கிறது, அந்தக் கூடுதல் காசு தோப்புக்காரருக்குப் போகிறதா, தட்டு அழுத்துகிறவருக்குப் போகிறதா, கடைக்குப் போகிறதா என்பது சார் பக்கம். மட்டை பொறுக்கப் போகிற ஒரு பிள்ளையின் பாட்டியைத்தான் முதலில் கேட்கப் போகிறார்களாம். பாட்டிக்குக் கூலி நேரம் போகாதபடி சாயங்காலம் வீட்டுக்கே போவதாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை பள்ளி வேப்ப மரத்தடியில் இரண்டு தட்டையும் புதைக்கிறார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை தோண்டிப் பார்ப்பது சமூக அறிவியல் பாடவேளையில், சார் முன்னால். நீள நோட்டு ஆறு வாங்கிவிட்டாள்.